திருவொற்றியூர் மணலில் உருளைக்கிழங்கு

நம் பள்ளிக்கூடத்துப் பெண்கள் குரூப்பில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். மாடியில் பை வைத்து, மண் நிரப்பி, உருளைக்கிழங்கு வளர்த்திருக்கிறாளாம். பையைக் கவிழ்த்துக் கொட்டி, எலுமிச்சம்பழ அளவுக் கிழங்குகளை முறத்தில் அடுக்கி, பக்கத்தில் பேரனை நிற்க வைத்து எடுத்த படம். கைதட்டுகிற பொம்மை, பூங்கொத்துப் பொம்மை என்று எல்லாரும் அனுப்பித் தள்ளினீர்கள். நான் ஒன்றும் அனுப்பவில்லை. உனக்கென்ன பொறாமையா என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். பொறாமை எல்லாம் இல்லை. அந்தப் படத்தைப் பெரிசு பண்ணி, எந்தக் கிழங்காவது பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்கிறேன். முட்டி வலி, சர்க்கரை, மருமகள் என்று தினமும் பேசுவதை ஒரு நாள் நிறுத்தினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எங்கள் வீடு ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது, உங்களில் சிலர் வந்திருக்கிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தைத் தோட்டம் என்போம். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். ஒரு கக்கூஸும் துணி துவைக்கிற கல்லும் இருந்தால் அதற்குப் பெயர் தோட்டம். எங்கள் தோட்டத்தில் கூடுதலாக ஒரு முருங்கை மரம் இருந்தது, அவ்வளவுதான். தரை முழுக்க மணல். கொஞ்சம் தோண்டினால் சிப்பி கிடைக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்து ஆலையின் நாற்றம் வரும். கொடியில் காய்ந்த துணியை மோந்து பார்த்தே அன்றைக்குக் காற்று வடக்கா தெற்கா என்று அம்மா சொல்லிவிடுவாள்.

அப்பா லாரிக்கு உதிரிபாகம் செய்கிற ஓர் ஆலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். மெஷினில் இருந்து வருகிற இரும்புப் பின்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து, சரியாக இருந்தால் ஒரு தட்டில், இல்லாவிட்டால் இன்னொரு தட்டில் போட வேண்டும். பாஸ், ரிஜெக்ட். இந்த இரண்டு வார்த்தையையும் அவர் ஆலையோடு விட்டுவிட்டு வந்ததில்லை. தோசை ஓரம் கருகினால் ரிஜெக்ட். என் கணக்கு நோட்டில் ஓரக்கோடு சாய்ந்திருந்தால் ரிஜெக்ட். ஒரு தீபாவளிக்கு எனக்கு எடுத்த பாவாடையின் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ரிஜெக்ட் என்றார். நான் அழுது ஊரைக் கூட்டினேன், அம்மா அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். ஆனாலும் பாஸ் என்று அவர் வாயில் வர வைக்க முடியவில்லை.

சொந்தக் காசில் ஒரு வெர்னியர் வாங்கி வைத்திருந்தார். கனத்தை அளக்கிற கருவி. உள்ளே நீல வெல்வெட் ஒட்டிய மரப்பெட்டியில் இருக்கும். பெட்டியைத் திறந்தால் மெஷின் எண்ணெய் வாசனை குப்பென்று வரும். எனக்கு அந்த வாசனைதான் அப்பா.

அந்த வருஷம் ஆடி மாசத்தில் ஆலைக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். சம்பளத் தகராறு என்று மட்டும் எனக்குத் தெரியும். அப்பா தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கேட் வரை போவார், தொழிலாளர்கள் போட்டிருந்த பந்தலில் உட்கார்ந்திருப்பார், மத்தியானம் திரும்பி வருவார். மற்ற ஆலைகளின் சங்கு வழக்கம்போல ஊதிக்கொண்டுதான் இருந்தது. சங்குச் சத்தம் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் பாதியில் எழுந்து நின்றுவிட்டு, பிறகு உட்காருவார். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

எங்களைத் தாங்கிப் பிடித்தது மாமா, அம்மாவின் அண்ணன். வண்ணாரப்பேட்டையில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தார். தெற்கேயிருந்து சின்ன வயசில் வந்து, மூட்டை தூக்கி, கணக்குப் பார்த்து, பிறகு சொந்தக் கடை போட்டவர். எங்கள் குடும்பத்தில் எல்லாருமே கடைக்காரர்கள். அப்பா மட்டும்தான் இங்கேயே பிறந்து, இங்கத்திப் பேச்சுப் பேசி, கடை வேண்டாம் என்று ஆலைக்குப் போனவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமா ஒரு சாக்கு உருளைக்கிழங்கோடு வருவார். வெட்டுப்பட்டது, முளைவிட்டது, மண்டியில் யாரும் எடுக்காதது. பொரியல், மசியல், குழம்பு, அவியல் என்று அந்த மாதங்களில் நாங்கள் தின்றது எல்லாம் உருளைக்கிழங்குதான். நம் வகுப்பில் தினமும் டப்பாவில் உருளைக்கிழங்கு கொண்டுவந்தவள் நான். ஞாபகம் இருக்கிறதா? என்னைப் பணக்கார வீட்டுப் பெண் என்று நினைத்து, சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு எடுத்துத் தின்றீர்கள். விஷயம் இதுதான் தாயே.

சாக்கோடு மாமா ஒரு பேச்சும் கொண்டுவருவார். மாப்ள, மண்டிக்கு வந்திருங்க, கேட்டு எப்ப தொறக்கும்னு யாருக்குத் தெரியும். அப்பா எழுந்து போய்ச் சாக்கின் கட்டை அவிழ்ப்பார். அந்தப் பேச்சை மாமாவின் வாயில் போட்டு அனுப்புவதே அம்மாதான் என்று எனக்குத் தெரியும். அடுக்களையில் அவள் தணிந்த குரலில் அண்ணனிடம் கெஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். அவளுக்கு அடுப்பு எரிய வேண்டும், என் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும். அப்பாவுக்கோ மண்டி என்றால் மச்சான் முன்னால் கைகட்டி நிற்பது. எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வரும்.

ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிறு, மாமா கொண்டுவந்த சாக்கை அப்பா தரையில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் முளைவிட்டவை, வெள்ளையும் ஊதாவுமாகக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தன. அதைத் தூரப் போடச் சொன்னார் மாமா. உயிரோடு இருக்கிறதே, நட்டால் வருமே என்றார் அப்பா. மாமா சிரித்துவிட்டார். இது மலையில் வருகிற சரக்கு, இந்த உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் ஓர் இலைகூடத் தங்காது என்றார். அப்பா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மச்சான், நீங்க உருளைக்கெழங்கு செடியப் பாத்துகீறீங்களா?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பார்த்ததில்லை. பாதி ஆயுசை உருளைக்கிழங்கோடு கழித்தவர், தொட்டுப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்கிறவர், அதன் செடியைக் கண்ணால் கண்டதில்லை. லாரியில் சாக்காக வரும், தள்ளுவண்டியில் சாக்காகப் போகும். அது செடியா கொடியா என்று கேட்டிருந்தால்கூட முழித்திருப்பார். எனக்கு அந்த வயசில் அதைவிடப் பெரிய ஆச்சரியம் எதுவும் நடக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் எங்கள் தெருவில் யாருமே பார்த்ததில்லை. தினம் தின்கிற ஒன்றை அதன் பிறந்த வீட்டில் யாரும் போய்ப் பார்த்ததில்லை என்பது அன்று முழுக்க என் மண்டையைக் குடைந்தது.

அவமானம் தாங்காத மாமா குரலை உயர்த்த, அப்பாவும் உயர்த்த, பேச்சு எங்கெங்கோ போய் ஒரு பந்தயத்தில் முடிந்தது. கோயிலில் மாசித் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்குள் இந்தத் தோட்டத்தில் ஒரு கூடை நல்ல கிழங்கு விளைந்துவிட்டால், கேட் திறக்கிறவரை அப்பா காத்திருப்பார், மண்டிப் பேச்சை மாமா எடுக்கவே கூடாது. விளையாவிட்டால் அடுத்து வருகிற திங்கட்கிழமை அப்பா மண்டியில் உட்கார வேண்டும், ஆலையை மறந்துவிட வேண்டும். நல்ல கிழங்கு என்றால் மண்டியில் முதல் ரகம் என்று எடுக்கிற கிழங்கு. சரி, அது நல்லதா இல்லையா என்று யார் சொல்வது என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"மாப்ளயே சொல்லட்டும். அவுக வேலையே அதுதான?" என்றார் மாமா.

கிண்டலாகத்தான் சொன்னார். அப்பா அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. முளை முளையாகப் பார்த்துக் கிழங்கை வெட்டி, வெட்டிய பக்கத்தில் அடுப்புச் சாம்பல் தடவினார். துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் மணலைக் கொத்தி, தெருவில் மாடு போட்டதை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கலந்து, ஸ்கேல் வைத்து அளந்து வரிசையாக நட்டார். அந்த வரிசையைப் பார்த்தால் ஏதோ மெஷின் நட்டது போல இருக்கும். தண்ணீர்தான் பிரச்சினை. தெருக்குழாயில் அடித்துப் பிடித்துக் கொண்டுவருகிற தண்ணீரில் ஒரு சொம்புகூட அதற்குத் தர மாட்டேன் என்றாள் அம்மா. அடுத்த வீட்டில் மீன் விற்கிற அக்கா ஒருவர் இருந்தார். காசிமேட்டில் மீன் எடுத்து வந்து கூடையில் தெருத் தெருவாக விற்பவர். அவர் மீன் கழுவின தண்ணீரைத் தினமும் ஒரு வாளி சுவர் மேலாகக் கொடுத்தார். தோட்டம் நாறியது. தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் சுவர்மேல் வந்து உட்கார்ந்துகொண்டன. ஆனால் அந்தத் தண்ணீருக்குத்தான், சரியாகச் சொன்னால் அந்த நாற்றத்துக்குத்தான், ஒரு நாள் காலையில் மணலைப் பிளந்துகொண்டு கரும்பச்சையாக ஓர் இலைக்கொத்து வந்தது.

மீன்கார அக்கா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, கத்திரி செடி மாரி கீது?"

அதிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஆள் வர ஆரம்பித்தது. கத்தரி என்றவர்கள், தக்காளி என்றவர்கள், உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்பாவுக்கு ஆறுதல் சொன்னவர்கள். பந்தலில் இருந்த ஆலைக்காரர்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். எனக்குத் தூக்கம் போனது. கிழங்கு என்பது வேரா? வேர் என்றால் முருங்கை வேர் ஏன் உருண்டையாக இல்லை? உள்ளே அது எப்போது ஆரம்பிக்கும்? ஒரு செடிக்கு எத்தனை? நம் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன், அது வேரே இல்லை, தண்டு என்றார். மண்ணுக்குள் போன தண்டு. வீட்டில் வந்து சொன்னேன். அப்பா சந்தோஷப்பட்டார். தண்டையா இத்தனை வருஷம் விற்றேன் என்று மாமா வருத்தப்பட்டார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாக்கைப் போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு, பேச வேண்டியதைப் பேசிவிட்டுப் போய்விடுவார். செடி வந்த பிறகு காலையிலேயே வந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செடி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். இலையைத் தடவுவார், மோந்து பார்ப்பார். ஒரு செடியில் வெள்ளையாக நாலு பூ வந்தபோது, இது பூக்குமா என்று என்னைக் கேட்டார், ஏதோ நான்தான் படைத்தவள் மாதிரி. மாமா உளவு பார்க்க வருகிறார் என்று அப்பா நினைத்தார். அண்ணன் தன் கணவரைக் கேலி செய்யத்தான் வருகிறான் என்று அம்மா நினைத்தாள். அந்த மனுஷனுக்கு வேடிக்கை பார்க்க மட்டுமே ஆசை என்பது யாருக்கும் தோன்றவில்லை. பிழைப்பு ஓடிய ஓட்டத்தில் எதையும் உட்கார்ந்து பார்க்கக் கிடைக்காதவர், எங்கள் தோட்டத்து நாற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக இருந்தார்.

கார்த்திகை மழை ஒரு சாயங்காலம் பேய்த்தனமாகக் கொட்டியபோது அப்பா வீட்டில் இல்லை. அம்மா தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஓடி, வாசலில் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து வந்து செடிகளின்மேல் கட்டினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவள், தார்ப்பாய் காற்றில் பறந்துவிடும் என்று அங்கே கட்டினேன் என்றாள். நான் கேட்கவே இல்லை.

மார்கழி பிறந்ததும் அப்பாவுக்குக் கை அரித்தது. மணலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒரு இன்ஸ்பெக்‌ஷன்காரர் எத்தனை நாள் இருப்பார்? ஒரு ஞாயிறு, மாமா பக்கத்தில் குந்தியிருக்க, நான் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டிருக்க, அப்பா முதல் செடியின் ஓரத்தில் விரலால் மணலை மெல்ல விலக்கினார். வெளுப்பாக, கோலிக்குண்டு அளவில், ஒன்று. அது அங்கேயே இருந்தது. செடியோடு ஒட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இருந்தது. மாமா மூச்சே விடவில்லை. அப்பா உள்ளே போய் வெர்னியரை எடுத்து வந்தார். கிழங்கைப் பிடுங்காமல், இருந்த இடத்திலேயே வைத்து, அதன் இரண்டு பக்கமும் கவ்வ விட்டு அளவு எடுத்தார். அடுத்த ஞாயிறு மறுபடி அளந்தார். வளர்ந்திருந்தது. மாமா தொடையைத் தட்டினார்.

அதன் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எல்லாச் செடிகளுக்கும் இன்ஸ்பெக்‌ஷன். கடற்கரை மணல், தோண்டினால் சரிந்து மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் தோண்டுவது கிழங்குக்கு ஆகாது என்று, அப்பா உடைந்த ஓட்டுத் துண்டுகளை இரண்டு பக்கமும் செருகி, செடிக்குச் செடி சின்ன ஜன்னல் மாதிரி வைத்துவிட்டார். குனிந்து பார்த்தால் கிழங்குகள் தெரியும். நான் பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் பார்ப்பேன். மீன்கார அக்கா வியாபாரத்துக்குப் போகும்போது பார்த்துவிட்டுப் போவார். மலையில் இருந்து சரக்கு ஏற்றி வருகிற லாரிக்காரர்கள் தினமும் மாமாவின் மண்டியில்தான் சாப்பிட்டுத் தூங்கினார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். உருளைக்கிழங்கு வியாபாரி, உருளைக்கிழங்கு எப்படி வளரும் என்று லாரிக்காரனிடம் கேட்பதா என்று மாமா கேட்கவில்லை. மச்சானின் ஆட்களிடம் கேட்பதா என்று அப்பாவும் கேட்கவில்லை.

தை மாசம் மண்டியில் வியாபாரம் அதிகம், மாமாவால் சில வாரங்கள் வர முடியவில்லை. அந்த நாட்களில்தான் ஜன்னலுக்கு உள்ளே இருந்த கிழங்குகள் நிறம் மாறின. முதலில் இலேசான பச்சை, பிறகு மாங்காய்ப் பச்சை. அப்பா கவலையோடு மீன்கார அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். பச்சையாக இருந்தால் இன்னும் காயாகத்தான் இருக்கிறது, வெயில் பட்டால் பழுத்துவிடும் என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். எங்களுக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. மாங்காய் அப்படி, வாழைக்காய் அப்படி, தக்காளி அப்படி. கடையில் வாங்குகிற கிழங்கு பழுப்பாக இருக்கிறது, அப்படியென்றால் அது பழுத்தது. அப்பா ஜன்னல்களை இன்னும் பெரிசாக்கினார். முருங்கைக் கிளை நிழல் விழுகிறது என்று அதையும் வெட்டினார்.

கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமா புது மூங்கில் கூடையோடு வந்தார். அப்பா குளித்து, ஆலைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். மீன்கார அக்கா சுவரில். அம்மா அடுக்களை வாசலில், முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி புடைத்தாள். அப்பா செடி செடியாகப் பிடித்து இழுக்க, மணல் உதிர, கொத்துக் கொத்தாக வந்தது. நான் ஓடி ஓடிப் பொறுக்கினேன். மணலில் கைவிட்டுத் துழாவி ஒரு கிழங்கு விரலில் தட்டுப்படுகிற அந்த நிமிஷம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எதையும் நான் இந்த வயசு வரைக்கும் கண்டதில்லை. மேலே சின்னது, ஆழத்தில் முட்டை அளவு, அதற்கும் கீழே என் கைக்கு அடங்காத ஒன்று. கூடை நிரம்பிக்கொண்டே வந்து நிரம்பிவிட்டது. திருவொற்றியூர் மணலில் ஒரு கூடை உருளைக்கிழங்கு. நான் கத்தினேன். அப்பா சிரித்தார், பல மாசத்துக்குப் பிறகு பல் தெரிய.

மாமா கூடைக்குப் பக்கத்தில் குந்தி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் கையை நானும் பார்த்தேன். பழுப்பாக இருந்ததை மேலே வைத்தார். பச்சை இருந்ததை எடுத்து, பச்சைப் பக்கம் கீழே போகும்படி திருப்பித் திருப்பி வைத்தார். மண்டிக்காரர் கை, மின்னல் மாதிரி வேலை செய்தது. ஆனால் பக்கத்தில் நின்றவர் தினம் ஆயிரம் பின்களைக் கையில் உருட்டிப் பார்த்தவர்.

"ஏன் மச்சான் திருப்பி வெக்கிறீங்க?"

மண் ஒட்டியிருக்கிறது என்றார் மாமா. அப்பா குனிந்து ஒன்றை எடுத்துப் பச்சையைக் காட்டினார். இது இன்னும் சரியாகப் பழுக்கவில்லையா என்று கேட்டார். மாமாவுக்குப் பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். வியாபாரிதான், ஆனாலும் அன்றைக்கு இரண்டாவது பொய் வரவில்லை.

"பச்ச பாஞ்சிருக்கு மாப்ள. வெயில் பட்டா அப்படி ஆவும், மண்டியில பாத்திருக்கேன், செடியில இருக்கும்போதே ஆவும்னு தெரியாமப் போச்சு. கசக்கும், வயித்துக்கு ஒத்துக்காது. தோல ஆழமாச் சீவிட்டா ஒண்ணும் தெரியாது."

அப்பா வெட்டின முருங்கைக் கிளை இருந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மணலில் கிடந்த ஓட்டுத் துண்டுகளைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனதென்று நான் கவனிக்கவில்லை.

இப்படி ஒன்று மண்டிக்கு வந்தால் முதல் ரகத்தில் எடுப்பீர்களா என்று கேட்டார். இது மண்டியா மாப்ள, வீடு, கூடை நிறைந்திருக்கிறது, நான் தோற்றுவிட்டேன், எழுந்து வாங்க சாப்பிடலாம் என்று மாமா அவர் கையைப் பிடித்து இழுத்தார். அப்பா கையை விடுவித்துக்கொண்டு மறுபடியும் அதையே கேட்டார். கத்தவில்லை. கணக்கு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, எடுக்க மாட்டேன் என்றார்.

அப்பா மணலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கூடையைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து, சுற்றிப் பார்த்து, இரண்டு பக்கமாக வைக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் வளர்ந்துகொண்டே போனது. மீன்கார அக்கா சுவரை விட்டு இறங்கிப் போய்விட்டார். மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அம்மா முறத்தை வைத்துவிட்டு வந்தாள். அந்தப் பாத்திப் பக்கம் பகலில் அவள் கால் வைத்து நான் பார்த்தது அன்றுதான். அப்பாவுக்கு எதிரே நின்றாள். கல்யாணமான நாளில் இருந்து அவள் வெறுத்த வார்த்தையை அவளே சொன்னாள்.

"பாஸ் பண்ணுங்க."

அப்பா கையில் ஒரு கிழங்கோடு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்டி?" என்றார்.

வீம்புக்குக் கேட்கவில்லை. ஒரு வழி இருந்தால் சொல், செய்கிறேன் என்கிற மாதிரி கேட்டார். அம்மா குனிந்து, நல்லது என்று அவர் ஒதுக்கி வைத்தவற்றைக் கூடையில் அள்ளிப் போட்டாள். ஆழத்தில் கிடந்து வெளிச்சம் படாமல் பிழைத்தவை கூடையின் அடியைக்கூட மூடவில்லை. அவற்றை அம்மா அன்றைக்கே தோலோடு வேகவைத்து உப்பும் மிளகும் போட்டுத் தந்தாள். மாமாவும் சாப்பிட்டார். அப்படி ஒரு ருசி, மண் வாசனையும் இலேசான இனிப்புமாக, சாக்கில் வந்த கிழங்கில் எனக்குக் கிடைத்ததே இல்லை. எல்லாரும் மெதுவாகத் தின்றார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனி மாசம் ஆலைக் கேட் திறந்தது. கூட வேலை பார்த்தவர்கள் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். போய்விடுங்கள் மாப்ள என்று மாமாவே நின்று கெஞ்சினார். நான் பார்த்து நான் சொன்னதை நானே மாற்றினால் எப்படி என்று அப்பா மறுத்துவிட்டார். கடைசி வரைக்கும் மண்டியில்தான் இருந்தார். மாமா அவரை ஒரு நாளும் கைகட்டி நிற்க வைத்ததில்லை, கல்லாவில் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். சோகக் கதை என்று நினைத்துக் கண்ணைத் துடைக்காதீர்கள். அப்பா சம்பாதித்தார், சிரித்தார், எனக்குக் கல்யாணம் செய்தார். வெர்னியர் பெட்டி மட்டும் எப்போது வீட்டை விட்டுப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்று, அதற்குப் பிறகு தோசை எத்தனை கருகினாலும் பேசாமல் சாப்பிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ரிஜெக்ட் என்று ஒரு தடவை சொல்லட்டுமே என்று வேண்டுமென்றே கோணலாகக் கோடு போட்ட நோட்டைக் காட்டியிருக்கிறேன். நல்லா கீது பாப்பா என்பார்.

சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. அந்த முதல் திங்கட்கிழமை. அப்பா விடியற்காலையில் வேட்டி கட்டிக்கொண்டார். அதுவரை அவர் வேலைக்குப் போவதைப் பேண்ட்டில்தான் பார்த்திருக்கிறேன். ஆலை இருந்த பக்கம் திரும்பாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அம்மா தூக்குச் சட்டியில் சோறு கட்டிக் கொடுத்தவள், அவர் தெரு முனை திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றாள். வண்ணாரப்பேட்டைப் பக்கம் போகிற ரயில் கூவிக்கொண்டு கடந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்குத் தாங்க முடியாத கோபம். ஆடியில் இருந்து மாசி வரைக்கும் அடுக்களையில் அவள் கெஞ்சினது எல்லாம் எனக்குத்தானே தெரியும். நினைத்ததுதான் நடந்துவிட்டதே, நீதானே போகச் சொன்ன, இப்ப எதுக்கு அழுற என்று கேட்டுவிட்டேன்.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"போகத்தான்டி சொன்னேன். தோத்துட்டுப் போகவா சொன்னேன்?"

சொல்லிவிட்டு மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று என்னைப் பிடித்து முன்னால் உட்கார வைத்துத் தலை பின்னினாள். ரொம்ப இறுக்கிப் பின்னினாள்.